மாத்திரையும் ஒரு கரண்டி உறைமோரும்

மனநலப் பிரிவு நர்ஸுக்கு ஊசி போடுகிற வேலை குறைவு, வாயை மூடிக்கொண்டு கேட்கிற வேலைதான் அதிகம். விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் அதைத்தான் செய்கிறேன். வீட்டில் சோர்ந்து கிடக்கும் ஒருவரிடம் "ஒரு வாய் சாப்பிடு" என்று கெஞ்சி அலுத்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நான் படும் பாடு உங்களுக்குப் புரியும்.

வாட்ஸப் வைத்தியம்

தயிர் சாப்பிட்டால் மனச்சோர்வு ஓடிவிடும் என்று ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. சிவகாசியில் காலண்டர் பைண்டிங் செய்கிற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, மாத்திரையை நிறுத்தி மூன்று வேளையும் தயிரிலேயே இறங்கிவிட்டார். பழைய சோர்வு திரும்பி வந்ததுதான் மிச்சம்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தயிர் சாப்பிடுகிறவர்களுக்குச் சோர்வு குறைவாக இருக்கலாம்; ஆனால் தயிரால் சோர்வு குறைந்ததா, சோர்வு இல்லாததால் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் தயிரும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். வந்தவர் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டையும் தின்னு குணமாயிட்டா, ரெண்டுல எதுக்கு சார் நன்றி சொல்றது?"

மண்டிக்காரர்

மிளகாய் மண்டி முதலாளி ஒருவர் வந்து, எந்தத் தயிர் நல்லது என்று மட்டும் கேட்டார். எருமையா, பசுவா என்று வெகுநேரம் பேசினோம். எழுந்து கதவுவரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்து, தூக்கமே வருவதில்லை என்றார். அந்த வீடியோ எடுத்தவரை அன்று மன்னித்துவிட்டேன்.

"மனசு சரியில்லைன்னு ஆஸ்பத்திரிக்கு வர வெக்கமா இருந்துச்சு சிஸ்டர். வீட்ல தயிர் விசயமாப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

செல்வி

செல்வி திருத்தங்கல்காரி. பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகுகிற வேலை. அங்கே நடந்த ஒரு விபத்தில், பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த சிநேகிதி போய்விட்டாள். அதிலிருந்து காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தாலும் செல்வி எழுந்திருப்பதில்லை. வாசலைத் தாண்டுவதில்லை, சாப்பிடுவதில்லை. வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை குமட்டியதால் அதையும் விட்டுவிடப் பார்த்தாள். அவள் புருஷன் எங்கள் முன்னால் அழுதேவிட்டார். இவளும் கை நழுவிப் போய்விடுவாளோ என்று எனக்கும் பயம்தான்.

தயிர்ச்சோறு மட்டும் கொஞ்சம் இறங்கும் என்றாள், ஆனால் கடைத் தயிர் பிடிக்காதாம். வீட்டிலேயே உறை ஊற்றேன், அதற்கென்ன என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"உறைமோருக்கு அடுத்த வீட்டு வாசல்ல போயி நிக்கணுமே சிஸ்டர்."

விளக்கு வைத்த பிறகு

வேலை முடிந்து வந்த புருஷன் தானே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு மாரியம்மாளிடம் போயிருக்கிறார். விளக்கு வைத்தாகிவிட்டது, இனி வீட்டிலிருந்து மோர் தரமாட்டேன் என்று அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் போனில் சொன்னபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருத்தி சாப்பிடாமல் கிடக்கிறாள், இவளுக்குச் சாஸ்திரம் கேட்கிறதா!

"நாளைக்குப் பகல்ல அவளையே வரச் சொல்லுங்கன்னுட்டா சிஸ்டர். நாந்தான் பகல்ல லோடு ஏத்தப் போயிருவேனே!"

உறையாத பால்

வேறு வழியில்லாமல் மறுநாள் செல்வியே போனாள். மோர் வாங்கி வந்து ஊற்றினாள், உறையவில்லை. அடுத்த நாளும் போனாள், அன்றும் உறையவில்லை. போன இடத்தில் உட்கார்ந்து பேச்சு, அழுகை, மாரியம்மாள் தட்டில் போட்ட சோறு, பிறகு மாத்திரை என்று நாட்கள் ஓடின. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். செல்வி தலை பின்னிப் பூ வைத்திருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாரியம்மாள் என் காதருகே குனிந்தாள். "தண்ணியில பேருக்கு ஒரு சொட்டு மோரக் கலந்துதான் குடுத்தேன் சிஸ்டர். மொத நாளே நல்லா உறைஞ்சிட்டா, மறுநா இவ எதுக்கு என் வீட்டுக்கு வரப்போறா?" அது செல்வி காதிலும் விழுந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

"மொத நாளே தெரியும் சிஸ்டர். கேட்டா மறுநா நல்ல மோராக் குடுத்துருவாளேன்னுதான் பேசாம இருந்தேன்."

ஆகவே, தயிருக்கும் மனச்சோர்வுக்கும் என்ன தொடர்பு என்று இனி யாராவது கேட்டால், மாத்திரையை நிறுத்தாதீர்கள், தயிரை அடுத்த வீட்டு மோரில் உறை ஊற்றுங்கள், உறையாவிட்டால் இன்னும் நல்லது என்று சொல்லலாமென்றிருக்கிறேன்.