ஜெயராஜின் ரோஸ் நிறச் சாமான்கள்

சென்ற சனிக்கிழமை சிதம்பரத்தில் என் மகளின் பள்ளியில் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய கணக்கு மதிப்பெண்ணைப் பற்றி ஆசிரியை பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை இரண்டு முறை எழுதியும் தேறாதவன் நான். தப்பித்தோம் என்று வெளியே ஓடினேன். பேசியது எங்கள் சோதனை ஓட்டுநர் சலீம். “அண்ணே, ஜெயராஜ் அண்ணன் போயிட்டாரு. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு, அப்புறம் எந்திரிக்கவே இல்ல.” மகள்தான் வந்து என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

கடலூருக்கு வெளியே இருக்கும் எங்கள் வாகன வடிவமைப்புக் கூடத்தில் ஜெயராஜும் நானும் ஒரே பட்டறை. மாடியில் இன்ஜினியர்கள் காலையில் வரைந்து கொடுப்பதை மறுநாள் நாங்கள் சாமானாக்கிக் கொடுப்போம். முதலில் அவர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக்கில் ஒரு மாதிரி போடுவார். அது வண்டியில் சரியாக உட்கார்ந்தால், நான் அலுமினியக் கட்டியை வெட்டி நிஜ சாமானைச் செய்வேன். “நீ பூசணிக்காயக் குடையுறவன் மச்சான். நான் தோசை மேல தோசை ஊத்தி அடுக்குறவன்” என்பார். எங்கள் வேலையைப் பற்றி இதைவிடத் தெளிவாக எந்த இன்ஜினியரும் எனக்குச் சொன்னதில்லை.

அவர் போடும் மாதிரிகள் எல்லாம் ரோஸ் நிறத்தில்தான் இருக்கும். கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் போல. எங்கள் கூடத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அதைக் கேலி செய்திருப்பீர்கள். நானும்தான். “கருப்புல போட்டா என்ன கேடு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அழகா இருந்தா நம்பிடுவாங்க மச்சான். அசிங்கமா இருந்தாத்தான் எவனும் வண்டியில மாட்டி ஓட்ட மாட்டான்.”

நான் நம்பவில்லை. ஒருமுறை வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றார்கள். பிரேக் மிதியைத் தாங்கும் சாமானின் ரோஸ் மாதிரி ஒன்று மேசையில் கிடந்தது. கண்ணை உறுத்துகிறதே என்று கருப்பு ஸ்பிரே பெயிண்ட் அடித்து வைத்தேன். நான் செய்த நிஜ அலுமினியச் சாமானுக்கும் கருப்புப் பூச்சுதான். ஆனால் நான் பெயிண்ட் அடித்த மாதிரி அதைவிடப் பளபளத்தது. அவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஜெயராஜ் தேடினார். “என் ரோசாப்பூ எங்கடா?”

“உன் கண்ணு முன்னாடிதான் இருக்கு. மேக்கப் போட்டு வச்சிருக்கேன்” என்று பெருமையாகக் காட்டினேன்.

மேசையில் இருந்ததைத் தூக்கினார். கனத்தது. அலுமினியம். அப்படியே போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினார். அங்கே சலீம் வண்டியில் ஏறி இன்ஜினைக் கிளப்பியிருந்தார். ஜெயராஜ் முன்னால் போய் பானட்டில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

“என்னாண்ணே, காலங்காத்தாலயே மறியலா?” என்றார் சலீம்.

கழற்றிப் பார்த்தால் என் மேக்கப் சாமான். மாட்டிய பையன்களைக் குறை சொல்ல முடியாது. எடையைக் குறைக்கத்தான் அந்தச் சாமானையே மாற்றி வரைந்தார்கள்; லேசாக இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டு மாட்டியிருக்கிறார்கள். ஜெயராஜ் அதைப் பட்டறையில் வைஸ் இடுக்கியில் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். பிஸ்கட் போல உடைந்தது. மேலாளர் மாட்டியவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். பெயிண்ட் அடித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஜெயராஜ் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “நீ சொல்றியா?”

“மத்தியானம் சொல்லிடறேன் மச்சான்.”

“மத்தியானம் வரைக்கும் சலீம் இருந்திருப்பானா?”

மேலாளரும் சலீமும் நின்ற இடத்துக்கு முற்றத்தைக் கடந்து நடந்தோம். பாதியில், தண்ணீர் தாகம் என்றேன். “சொல்லிட்டுக் குடிக்கலாம் வா” என்றார். என்னை இழுக்கவும் இல்லை, எனக்காகப் பேசவும் இல்லை. கூடவே வந்தார். மேலாளர் முன்னால், சலீமின் முகத்தைப் பார்த்து, பெயிண்ட் அடித்தது நான் என்றேன்.

சலீம் உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். “நல்லாத்தான் அடிச்சிருக்கீங்கண்ணே” என்றார். அப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. லால்பேட்டையில் அவருக்கு இரண்டு பிள்ளைகள். பேசாதது நியாயம்தான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சோதனைக்கு முன் ஜன்னலை இறக்கி அவரே கேட்டார். “அண்ணே, உங்க வேலையில ஏதாச்சும் இருக்கா? இருந்தா சொல்லிடுங்க.” ஒரு போல்ட்டின் மரையில் எனக்குச் சந்தேகம் இருந்தது. சொன்னேன். வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார்.

ஜெயராஜைக் கடலூரில் அடக்கம் செய்த மறுநாளும் சோதனை இருந்தது. சலீம் ஜன்னலை இறக்கிக் கேட்டார். “ஒண்ணும் இல்ல, போ” என்றேன். வேறு யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்தார். அந்த முற்றத்தில் என்னோடு நடந்து ஜெயராஜ் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது இது. இதைத்தான் வைத்திருக்கிறேன்.