சொந்தப் பெயரில் ஒரு பிழைப்பு

வலைப்பதிவு எழுதிப் பிழைக்கிறேன் என்று எங்கள் பக்கத்தில் யாரிடமாவது சொன்னால், அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கடை எங்க இருக்கு?" என்பதுதான். கடை கிடையாது, ஒரு பழைய லேப்டாப்பும் செல்போனும்தான் என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும் பாருங்கள், அதை நீங்களும் கண்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கூடப் படிக்காத எதையோ விடாமல் எழுதிக்கொண்டிருக்கும் சக பாவப்பட்டவர்களே, உங்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

என் பெயர் மாரீஸ்வரி. பாளையம்பட்டியில் குடியிருக்கிறேன். அருப்புக்கோட்டையில் காதர் பாய் அச்சகத்தில் டிசைன் போடும் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயாக வேண்டும். எல்லாவற்றிலும் யார் யார் பெயரோ இருக்கும். கீழே ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். எழுதியவள் பெயர் எங்கேயும் இருக்காது. அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை, நானும்தான்.

புல்லட் வைத்த அஞ்சலி

திருச்சுழிப் பக்கமிருந்து ஒருவர், அப்பாவின் முதலாமாண்டு நினைவஞ்சலிக்கு பிளக்ஸ் அடிக்க வந்தார். இதற்கென்று எங்களிடம் நாலைந்து வாசகங்கள் தயாராக இருக்கும். யார் செத்தாலும் பொருந்தும். ஆனால் அவர் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். சைக்கிளில் பருத்தி மூட்டையைக் கட்டிக்கொண்டு கமிஷன் கடைக்கு வருவாராம். அந்த சைக்கிள் இன்னும் வீட்டில் நிற்கிறதாம். துடைத்து வைக்கிறார்களே தவிர யாரும் எடுப்பதில்லையாம். கேட்டுக்கொண்டே நான், 'உங்கள் சைக்கிளை நாங்கள் யாரும் எடுத்து ஓட்டவில்லை, அப்பா' என்று அடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் படித்தார். கண் கலங்கிவிட்டது. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. திரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா சம்பந்தகாரக பாத்தா, எங்கப்பா கடைசி வரைக்கும் சைக்கிள்லயே போனாருன்னுல்ல நெனப்பாக? பழைய வாசகத்தையே போட்டு, பக்கத்துல ஒரு புல்லட்டு படத்த வச்சிரு."

பின்னால் தெரிந்த வீடு

அழித்த வரி மனசை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, அந்த சைக்கிளை வைத்தே ஒரு பக்கம் செல்போனில் எழுதினேன். அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி ஊரையும் ஆளையும் மாற்றினேன். காசு இல்லாமல் ஆரம்பிக்கக் கூடிய வலைப்பதிவு ஒன்றைத் திறந்து ஏற்றினேன். மேலே 'மாரீஸ்வரி' என்று என் பெயரைப் பார்த்ததும் ஏதோ பத்திரிகையில் மணமகள் பெயரைப் பார்த்த மாதிரி வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. என் வீட்டுக்காரர் முருகேசன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவரிடம் காட்டினேன். "லைக் போட்டுட்டேன்" என்றார். அந்தப் பக்கத்தில் லைக் போடுகிற வசதியே கிடையாது.

அப்புறம் நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாய் நிறைந்ததைப் பற்றி எழுதி, படமும் போட்டிருந்தேன். முதன்முதலாக வெளிநாட்டிலிருந்து ஒரு வாசகர் வந்தார். குவைத்தில் வேலை பார்க்கிறாராம். 'எழுத்து அருமை' என்று ஆரம்பித்திருந்தார். எனக்குக் கால் தரையில் இல்லை. அடுத்த வரியில், 'படத்தில் பின்னால் தெரிவது எங்கள் வீடு, மாடிக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது என்று சொன்னார்களே, அடித்த மாதிரித் தெரியவில்லையே' என்று கேட்டிருந்தார்.

மறுநாளே அவருடைய மனைவி யார் யாரிடமோ நம்பர் வாங்கி என்னைக் கூப்பிட்டுவிட்டார். பெயிண்டுக்குக் கணவர் அனுப்பிய பணத்தை மாமியாரின் கண் ஆபரேஷனுக்குச் செலவழித்திருக்கிறார். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று தெரிந்தால் அங்கே அவர் வேலை ஓடாமல் தவிப்பார் என்று மறைத்திருக்கிறார். நான் எழுதிய கண்மாய் ஒரு குடும்பத்தில் சண்டையைக் கொண்டுவரும் என்று நான் கண்டேனா? பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, படத்தை எடுத்துவிட்டேன். ஊரைப் பற்றி எழுதினால் ஊரில் இருக்கிறவர்களுக்கும் அது போய்ச் சேரும் என்கிற சாதாரண விஷயம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த அம்மாள் நல்ல மாதிரி. கோபம் ஆறி, போனை வைக்கும் முன் ஒரு யோசனை சொன்னார்: "கண்மாயைப் பத்தி எழுதுனா கண்மாயை மட்டும் படம் எடுங்கக்கா. சுத்தியிருக்கிற ஊரை எதுக்கு எடுக்குறீக?"

தாய்மாமன் பெயர் எங்கே?

திருச்சுழி தாண்டி ஒரு கிராமத்தில் கிடா வெட்டுக்குப் போய்வந்து, அங்கே ஆண்கள் சமைத்த குழம்பைப் பற்றி எழுதினேன். விருந்து வைத்தவர் பெயரை அவர் சம்மதத்தோடு போட்டிருந்தேன். அடுத்த வாரம் விருந்து வீட்டிலிருந்து மூன்று பேர் ஷேர் ஆட்டோவில் வந்து அச்சகத்தில் இறங்கினார்கள். பிரவுசிங் சென்டரில் என் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருந்தார்கள். அதில் சிவப்பு பேனாவால் புரூஃப் பார்த்திருந்தார்கள்! மேலே அம்புக்குறி போட்டுத் தாய்மாமன்கள் பெயர், கீழே அடைப்புக்குள் பங்காளிகள் பெயர், ஓரத்தில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று ஒரு வரி. விசேஷத்தைப் பற்றி அச்சில் வந்தால் அது பத்திரிகைதான், பத்திரிகை என்றால் தாய்மாமனுக்குத்தான் முதலிடம். பெயர் விட்டுப்போனால் உறவே விட்டுப்போச்சு என்று அர்த்தம். இத்தனை வருஷம் அதே வேலையைச் செய்த எனக்கு அவர்கள் கோபம் புரியாமல் இல்லை.

காதர் பாய் டீ வாங்கிக் கொடுத்து அவர்களை உட்கார வைத்தார். "கஸ்டமர் சொல்றத திருத்திக் குடுத்துரும்மா, நமக்கென்ன" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "இது கஸ்டமர் குடுத்த மேட்டர் இல்ல பாய், நான் எழுதுனது" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கடையில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. என் எழுத்தை இத்தனை அக்கறையாக, வரி விடாமல், அதற்கு முன் யாரும் படித்ததில்லை என்று அப்போதும் எனக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. பெரியவர் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மற்றவரிடம் சொன்னார்: "சரி, அந்தப் பிள்ளை மாத்தாது போலருக்கு. ஏலே, மாமன் வீட்டுல எவனுக்கும் நெட்டுக்கு ரீசார்ஜ் பண்ணிக் குடுக்காதீக."

கரண்டு போகாத ஊர்

படிக்கிறவர்கள் மெல்லக் கூடினார்கள். விளம்பரத்தில் வந்தது டீச்செலவுக்குக் காணாது. அந்தச் சமயத்தில் சேலை முதலாளி ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார். பவர்லூம் வைத்திருக்கிறார், ஆன்லைனில் சேலை விற்கிறார். "ஒவ்வொரு சேலைக்கும் ஒரு கதை வேணும்மா. உங்க எழுத்துல ஊர் வாசனை இருக்கு" என்றார். அச்சகத்தைவிட நல்ல சம்பளம். ஒரே ஒரு நிபந்தனை. வலைப்பதிவு அவருடைய சேலையின் பெயருக்கு மாற வேண்டும். என் பெயர் போய்விடும். எழுதுவதை அவர் பார்த்துத் திருத்திய பிறகுதான் ஏற்ற வேண்டும்.

வீட்டில் சொன்னேன். முருகேசனுக்கு லோடு ஆட்டோ லோன் கழுத்தில் நிற்கிறது. "பேருல என்ன இருக்கு மாரி? வேணாம்னு சொல்ற நெலமையிலயா நாம இருக்கோம்?" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. பெயரை விட்டுவிட்டுச் சம்பளம் வாங்குவதை நான் ஏற்கெனவே செய்துகொண்டுதானே இருக்கிறேன்? அதிலிருந்து வெளியே வர எனக்கு இருந்த ஒரே வழி இந்த வலைப்பதிவு. அதையும் கொடுத்துவிட்டால் அப்புறம் என்னிடம் என்ன இருக்கும்?

மறுபடி போய் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். கரண்டு போனதும் தெருவில் தறிச்சத்தம் நின்று, அதுவரை கேட்காத பேச்சுச் சத்தமெல்லாம் கேட்க ஆரம்பிக்கும் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அன்றைக்குத் தறி ஓட்டுகிறவர்களுக்குக் கூலி இருக்காது என்றும் அதில் இருந்தது. அதை அப்படியே விட்டுவைக்கலாமா என்றேன். அவர் கோபப்படவே இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "கரண்டு போனதெல்லாம் எதுக்கும்மா? நம்ம சேலை வாங்குறவுகளுக்கு நம்ம ஊருல எப்பவும் கரண்டு இருக்கணும்."

மகள் தேடினாளா

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். முருகேசன் சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் செய்தது தைரியமா திமிரா என்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் சவூதியிலிருந்து ஒருவர் போன் செய்தார். அருப்புக்கோட்டைக்காரர், நான் எழுதுவதை விடாமல் படிக்கிறவர். மகளுக்கு நிக்காஹ், கம்பெனியில் லீவு தரவில்லை. நான் போய் இருந்து, நடந்ததை எழுதி அனுப்ப வேண்டுமாம். அதற்குப் பணமும் தருகிறேன் என்றார். "வீடியோதான் எடுப்பாங்களே" என்றேன். "வீடியோல எல்லாரும் கேமராவைப் பாத்துச் சிரிப்பாகம்மா. எம்மக என்னையத் தேடுனாளான்னு அதுல வராது" என்றார்.

முகூர்த்தம் அடுக்கி வருகிற மாதம். காதர் பாய், "இப்பப் போயி லீவு கேட்டா, நான் வேற ஆளுதான் பாக்கணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியும் நிக்காஹ்வுக்குப் போனேன்.

பெண்கள் இருந்த அறையில் மணப்பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே வீடியோக்காரருக்கு அனுமதியில்லை. பெண் சார்பாகப் பேசும் வக்கீலும் சாட்சிகளும் வாசலில் வந்து நின்று சம்மதம் கேட்டார்கள். அந்தப் பெண் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டார்கள். "சம்மதம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அத்தாவை, அதாவது அப்பாவை, தேடவில்லை. தோழிகளோடு பேசினாள், வயிறாரச் சாப்பிட்டாள். கிளம்பும்போது அம்மா தோளில் சாய்ந்து அழுதாள். அப்போதும் அத்தா என்று ஒரு வார்த்தை வரவில்லை.

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. 'அவள் கண்கள் தந்தையைத் தேடின' என்று ஒரு வரி அடித்தால் போதும், அவர் மனசு நிறைந்துவிடும். பொய் என்று யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அச்சகத்தில் இருந்திருந்தால் யோசிக்காமல் அடித்திருப்பேன். இங்கேயும் அடித்தேன். கீழே என் பெயரைப் போடும்போதுதான் உறுத்தியது. அழித்துவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடியே எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. எனக்கென்று தேடி வந்த முதல் வேலையை நானே கெடுத்துக்கொண்டேன், அச்சகமும் போயிற்று என்று உட்கார்ந்திருந்தபோது அவருடைய குரல் செய்தி வந்தது. அதில் சொல்லியிருந்தார்: "தேடலைன்னு எழுதிட்டீகளேன்னு மொதல்ல சங்கடமாத்தாம்மா இருந்துச்சு. அப்புறம் நெனச்சேன், நான் பக்கத்துல இல்லாமலே எம்மக பயப்படாமச் சத்தமாச் சொல்லியிருக்கா. அந்தச் சத்தத்தை நீங்கதான் எனக்கு அனுப்புனீக."

கணக்கு முடித்த நாள்

அவர் சொல்லி அவர் நண்பர்கள் கேட்டார்கள். கிரகப்பிரவேசம், வளைகாப்பு, ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. வர முடியாதவர்களுக்காகப் போய்ப் பார்த்து எழுதுகிறேன். சேலை முதலாளிக்கும், வலைப்பதிவைக் கொடுக்காமல், சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசி எழுதிக் கொடுக்கிறேன். அதில் கரண்டு எப்போதும் இருக்கும். வலைப்பதிவில் மட்டும் போகும்போது போகும். அதில் கைவைக்க யாரையும் விடுவதில்லை.

அச்சகத்தில் போய், இனி வரமாட்டேன் என்று முறையாகச் சொன்னேன். என் நாற்காலி காலியாகவே கிடந்தது. காதர் பாய் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேற ஆளு பாப்பேன்னு சும்மா வெரட்டத்தான் சொன்னேன். நெசமாவே பாக்க வச்சிட்டியேம்மா."

முருகேசனிடம் உன் வீட்டுக்காரி என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், விளக்கிச் சொல்ல நேரமில்லாமல் "வீட்டுல சும்மாதான் இருக்கா" என்று சொல்லிவிடுகிறார். அந்தச் சும்மா இருக்கிற வேலையில் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது, ஆனால் லீவு தராத முதலாளியும் நானேதான்.