குன்றின் மேல் ஒரு வள்ளம்

கல்யாணமான மறு வருடம், என் மனைவி நிறைமாதமாக இருந்தாள். எங்கள் வீடு நெய்யாற்றின் கரையில். ஐப்பசி மழை பிடித்தால் ஆறு முற்றத்தைத் தாண்டி அடுக்களைக்குள் வந்துவிடும். பிறகு ரோட்டுக்குப் போக வள்ளம்தான், அதாவது சின்னப் படகுதான் வழி. அந்த வருடம் பஞ்சாயத்து ஒரு வள்ளம் ஏற்பாடு செய்தது. ஆறு எங்கெல்லாம் ஏறும் என்று படம் வரைந்து, அதிகம் ஏறுகிற இடத்தில் கட்டிப்போடுவதாகச் சொன்னார்கள்.

படம் வரைய வந்தவள் மதுரைப் பக்கத்துக் கல்லூரிப் பெண். வரைபடமும் கையுமாக வீடு வீடாக ஏறி ஒரே கேள்வி கேட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுக்கு வெள்ளம் வருமா?"

"எங்க வருது மக்கா? ஒரு நாளும் வராது. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதாக்கும் மிச்சம்," என்றாள் என் மனைவி. கதவுக்குப் பின்னால் நின்று நானும் தலையாட்டினேன்.

குன்றின் மேல்தான் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அங்கே குடியிருந்த பஞ்சாயத்து மெம்பரின் வீட்டம்மா பெருமையாகச் சொன்னாளாம்: "எங்களுக்குக் காலையிலயும் அந்திக்கும் வரும். நல்ல ஃபோர்ஸாட்டு வரும். முற்றம் முழுக்க ஓடும்."

எங்களுக்கு வெள்ளம் என்றால் குழாயில் வருகிற தண்ணீர். ஆறு பெருகினால் அது வெள்ளப்பொக்கம். இது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சபை ஹாலில் படத்தை மாட்டினார்கள். குன்று முழுக்க நீலம். எங்கள் ஆற்றங்கரை பொரித்த அப்பளம்போல மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது.

"நீலம் எங்க உண்டோ அங்கதான் வள்ளம். நான் என்ன செய்ய? சயின்ஸாக்கும்," என்றார் மெம்பர்.

"அப்ப உம்ம தென்னை மேல இருந்து தூண்டில் போடலாம் மெம்பரே!" என்றது பின்வரிசை.

மனைவியின் முழங்கை என் விலாவில் இறங்கியது. எழுந்தேன். அத்தனை முகங்களும் திரும்பின. வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது; நிற்கவே இல்லை.

"எலே, அவனுக்குக் கொஞ்சம் வெள்ளம் குடு," என்றார் மெம்பர்.

அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். "வெள்ளத்தையா? குடிக்கவா?"

ஹால் சிரித்து ஓய வெகுநேரமானது. நான் செம்பைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்தேன். அதுதான் நான் சபையில் ஆற்றிய ஒரே உரை.

மறுநாள் அவள் கேள்வியை மாற்றிக்கொண்டு வந்தாள். "அக்கா, வீட்டுக்குள்ள தண்ணி வருமா?"

"அடுத்த வீட்டுல கேளு. அந்த அண்ணன் அந்திக்குத் தண்ணியிலதான் வருவாரு," என்ற மனைவி, அவள் முகம் வாடியதும் கையைப் பிடித்து அடுக்களைக்குள் கூட்டிப்போனாள். சுவரில் போன மழை விட்டுப்போன சேற்றுக்கறை இருந்தது. "எதுவும் கேக்காண்டாம் மக்கா. இதை அளந்துக்கோ."

அதன்பிறகு அவள் வீடு வீடாகச் சுவரைத்தான் விசாரித்தாள். நீலம் குன்றிலிருந்து இறங்கியது. வள்ளம் எங்கள் பலாமரத்துக்கு வந்தது. வாயே திறக்காத என்னிடம் மெம்பர் ரொம்ப நாள் பேசவில்லை.

மழை வந்தது. ஆறு அடுக்களைக்குள் வந்த அதே காலையில் மனைவிக்கு வலியும் வந்தது. கழி ஊன்றி வள்ளம் தள்ளிய பூவார் ஊர்க்காரர் சொன்னார்: "இது குன்றுமேல கிடந்திருந்தா, நாங்க இறக்கிக் கொண்டுவாறதுக்குள்ள பிள்ளை நடந்தே வந்திருக்கும்."

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். நர்ஸ் குனிந்து மனைவியிடம் மலையாளத்தில் கேட்டாள்: "குறச்சு வெள்ளம் வேணோ?"

என் மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "வேண்டாம் சிஸ்டரே. வீடு நிறைய கிடக்கு."