கோப்பில் இருந்த கடிதம்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில், கையில் பூங்கொத்தும் கக்கத்தில் வம்சாவளிக் கோப்புமாக நிற்கிறேன். ஆங்கிலேயர் இலங்கையைப் பிடித்த தொடக்க நாட்களில் யாழ்ப்பாணத்தில் குடியேறிய ஒரு வெள்ளைக்காரனிலிருந்து எங்கள் குடும்பம் தொடங்குகிறது. அவனுடைய மூக்கு மட்டும் என்வரை வந்து சேர்ந்தது. நிறம் வழியிலேயே இறங்கிவிட்டது. அவன் எந்தக் கப்பலில் வந்தான் என்பதுவரை கண்டுபிடித்துவிட்டேன். கோப்பில் சேர்க்க மிச்சம் ஒரே ஒரு படம்தான். அகதியாக இங்கே வந்து, தனியாகவே செத்துப்போன என் சித்தப்பாவின் கல்லறைப் படம்.

கல்லறையைக் காணவில்லை.

உதிர்ந்த இலைகளை வாரிக்கொண்டிருக்கும் தோட்டக்காரர், நல்லவேளையாக, யாழ்ப்பாணத்துக்காரர். கோப்பைத் திறந்து, முத்திரை குத்திய டெனிஷ் கடிதத்தைப் பெருமையோடு நீட்டுகிறேன். நாலு வருடத்துக்கு முன், நான் இருக்கும் கனடாவுக்கு என் பெயரில் வந்தது. ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், சித்தப்பாவை அடக்கம் செய்ததற்கான அத்தாட்சி என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

அவர் இரண்டு தரம் வாசிக்கிறார்.

"அண்ணை, இஞ்சை ஒரு தவணைக்குத்தான் இடம் தருவினம். அந்தத் தவணை முடிஞ்சா, இன்னும் வேணுமெண்டு சொந்தக்காரர் எழுத வேணும். அதைத்தான் உங்களிட்டைக் கேட்டிருக்கினம். நீங்கள் பதில் போடேல்லையோ?"

"கவனமா ஃபைலுக்குள்ளை வைச்சிட்டன், தம்பி."

அவர் சிரிக்கவில்லை. சீராக வெட்டிய புல்வெளியைக் கையால் காட்டுகிறார்.

"கல்லையும் எடுத்திட்டினம்."

"அப்ப இந்தப் பூவை எங்கை வைக்கிறது?"

"எந்த இடமெண்டு சரியாத் தெரியாது, அண்ணை. உந்தப் புல்லிலை எங்கையாவது வையுங்கோ."