பிடுங்கிய சிவப்பு ஒயர்

பத்தாம் வகுப்பில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கு முந்தைய வருடம், திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் ஏறினால் மணியடிக்கும் கருவி ஒன்றைச் செய்தேன். கூட இருந்து உதவியவள் தோழி பர்சானா. பள்ளிக் கண்காட்சியன்று எனக்குக் காய்ச்சல். அவள் தனியாக நின்று, தானே செய்ததாகச் சொல்லி முதல் பரிசு வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. அடுத்த கண்காட்சிக்காகவே காத்திருந்தேன்.

இந்த முறை அவள் ‘அத்தா’ என்று கூப்பிடும், பார்வையில்லாத தன் அப்பாவுக்காக, எதிரே தடை வந்தால் ஒலிக்கும் கைத்தடி செய்திருந்தாள். அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது, தடியின் மூடியைத் திறந்து சிவப்பு ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

நடுவர்கள் வந்தார்கள். தடி ஒலிக்கவில்லை. பர்சானா பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தாள்.

“உனக்குத்தான் இதெல்லாம் நல்லா தெரியும். கொஞ்சம் பாரேன்.”

மூடியைத் திறந்தேன். ஒயர் கண்ணெதிரே தொங்கியது. மறுபடி மூடினேன்.

“சென்சார் போயிடுச்சு,” என்றேன். நடுவர்கள் நகர்ந்தார்கள். அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு இனித்தது.

மாலையில் அவள் தடியோடு வந்தாள். அது ஒலித்துக்கொண்டிருந்தது.

“ஒயரு தொங்கினது உனக்குத் தெரியாம இருக்குமா? புடுங்கினதும் நீதான். யாராண்டையும் சொல்லல. போன வருஷம் நான் பண்ணதும் தப்புதான். இப்பவாச்சும் பேசுவியா?”

அவள் கத்தியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவள் செய்தது திருட்டு என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவள் தன் தப்பை என் முகம் பார்த்துச் சொன்னாள். நான் என் தப்பை இங்கே, உங்களிடம்தான் சொல்கிறேன்.