துடைக்காமல் விட்ட ஒரு சாண் கேபிள்

ஒரு பெண்ணின் வேலை போவதற்கு நான் காரணமாக இருந்தேன். தப்பு என்னுடையது, பழி அவருக்கு. அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடங்களுக்கு முன், கொடைக்கானலில் நடந்தது இது.

விமானப் பராமரிப்பில் பரிசோதகனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒருவர் பழுது பார்ப்பார். அது சரிதானா என்று கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலில் வீடு எடுத்துத் தங்கினேன். ஏரிக்கு மேலே பழைய பங்களா ஒன்றில் ஒரு சிறு நிறுவனம் இயங்கியது. புத்தகமாக இருக்கும் பராமரிப்புக் கையேடுகளை டேப்லெட்டில் பார்க்கும்படி மாற்றித் தருவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எழுத்து, வீடியோ, குரல் எல்லாம் இருக்கும். சமவெளியில் இருக்கும் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி அவர்களிடம் கையேடு கேட்டது. என்னை ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டார்கள். வீடியோவில் செய்து காட்டுவதும் நான், முடிந்ததைச் சரிபார்ப்பதும் நான். செய்தவனே சரிபார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சிறிய விமானத்தின் வாலை அசைப்பது எஃகு இழைகளைத் திரித்த ஒரு கேபிள். இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்க, துணியைச் சுற்றிப் பிடித்துக் கேபிள் நெடுக இழுப்போம். அறுந்த இழை துணியில் மாட்டும். ஆனால் கப்பியின்மேல் கேபிள் படிந்திருக்கும் இடம்தான் முதலில் தேயும், அங்கே துணி போகாது. விமானி இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து கட்டுப்பாட்டுக் கோலை முன்னும் பின்னும் கடைசி வரை தள்ளினால்தான் அந்த ஒரு சாண் கேபிள் வெளியே வரும். படப்பிடிப்பு அன்று நான் அதைச் செய்யவில்லை. வெளிச்சம் மறைக்கிறது, திரும்புங்கள், குனியுங்கள் என்று கேமராக்காரர் படுத்திய பாட்டில் எரிச்சலாகி, துணியை இழுத்துக் காட்டிவிட்டு இறங்கிவிட்டேன்.

வீடியோவைத் தொகுத்தவர் பக்கத்து ஊரான பெருமாள்மலைப் பெண். அப்பா அங்கே பழக்கடை வைத்திருந்தார். அந்தப் பெண் என் மேசைக்கு வந்து, "சார், கீழ எழுத்துல கோலைத் தள்ளணும்னு இருக்கு. வீடியோல அது இல்லையே, மறுபடி எடுத்துரலாமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெட்டி ஒட்டுறது உன் சோலி. விமானம் என் சோலி. அதான் எழுத்துல இருக்குல்ல, போ" என்றேன். அவர் முகம் சுண்டிப் போய்த் திரும்பினார். நான் ஒப்புதல் கொடுத்தேன்.

வீடியோ ஓடும்போது கீழே இருக்கும் எழுத்தை யார் படிக்கிறார்கள்? பள்ளியில் ஒரு மெக்கானிக் டேப்லெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் செய்த மாதிரியே செய்து, சரி என்று எழுதியிருக்கிறார். சில நாள் கழித்து வேறு வேலையாகக் கப்பியைக் கழற்றியபோது, அடியில் கேபிள் பாதிக்கு மேல் பிய்ந்து கிடந்திருக்கிறது. அதற்குள் மாணவர்கள் அந்த விமானத்தில் பறந்திருந்தார்கள்.

நிறுவனத் தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அந்த ஸ்டெப்ப யாரு தூக்குனது?"

"ஷூட்லயே இல்ல சார். நான் இவருகிட்ட கேட்டேன், வேண்டாம்னுட்டாரு" என்றார் அந்தப் பெண்.

படப்பிடிப்பின் மூலப்பதிவு இல்லை. ஒப்புதல் வந்ததும் இடம் காலி செய்ய அழித்துவிடுவது அங்கே வழக்கம். தலைவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அப்படி எதுவும் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லை."

"சார், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றார் அவர். நான் மேசையில் இருந்த டீ கிளாஸைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எந்த விமானமும் விழவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னிடம் வேலை பார்த்த எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் விமானம் நிறுத்தும் ஹேங்கரை விட்டே துரத்தியிருப்பேன். பிறகு நிறுவனம் பள்ளிக்கு அனுப்பிய விளக்கம் என் பார்வைக்கு வந்தது. 'எடிட்டிங் பிழை' என்று எழுதி, சரிபார்த்தவர் என்று கீழே மறுபடியும் என் பெயரைப் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் ஆத்திரம் வந்தது. நிறுவனத்தின் மேல் கோபம் என்று முதலில் நினைத்தேன். இல்லை, அவர்கள் நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள்.

பஸ் பிடித்துப் பெருமாள்மலையில் இறங்கினேன். பழக்கடையில் அந்தப் பெண்ணின் அப்பா பேரிக்காயைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் நிமிர்ந்தார்.

"ஓ, அந்த ஞாபகம் இல்லாத சாரா? வல்லாரைக் கீரை இன்னைக்கி வரலையேங்க."

பழம் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகளிடம் பேச வேண்டும் என்றேன்.

"எதுக்குங்க? கூப்புட்டு வச்சு இன்னும் எதையாச்சும் மறக்கவா? எம்மக களவு பண்ணினாளா, பொய் சொன்னாளா? ஊருக்குள்ள என்னா பேசுறாங்கன்னு தெரியுமா ஒங்களுக்கு? பிளேன இவதான் விழுத்தாட்டப் பாத்தாளாம்."

"அத்தா, விடுங்க" என்று உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தார். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன். அவர் குரல் உயரவே இல்லை.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? நடந்தது எனக்குத் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

நேராக நிறுவனத்துக்குப் போனேன். "பள்ளிக்காரங்களே சமாதானம் ஆயிட்டாங்க. இந்த வயசுல உங்களுக்கு ஏன் சார் இந்தக் கெட்ட பேரு?" என்றார் தலைவர். சின்ன வயதிலேயே கெட்ட பேர் வாங்கிய அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கத்திவிட்டு வந்தேன்.

மலையிறங்கிப் பயிற்சிப் பள்ளிக்குப் போய், தலைமைப் பொறியாளரிடம் எழுதிக் கொடுத்தேன். மெக்கானிக்குகள் அத்தனை பேரையும் விமானத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, நான் எதை விட்டேன், யார் கேட்டார், அவரிடம் என்ன சொன்னேன், பிறகு என்ன பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "ஒங்க வீடியோவப் பாத்துத்தான் எனக்கு மெமோ குடுத்தாங்க" என்றார் ஒரு மெக்கானிக். கோலைத் தள்ளிக் காட்டி அந்த வேலையை மறுபடி படம் பிடித்தார்கள்.

நிறுவனம் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. பள்ளி, மிச்சமிருந்த வீடியோக்களைத் தொகுத்துத் தரும்படி அந்தப் பெண்ணையே நேரடியாகக் கேட்டது. அவர் சம்மதித்தாராம். ஒரே ஒரு நிபந்தனை: சரிபார்ப்பவர் நானாக இருக்கக் கூடாது. இதைத் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார் பொறியாளர். பெருமாள்மலை வழியாகப் பஸ் போகும்போது இன்றும் அந்தப் பெண்ணின் அப்பா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நம்ப முடியாத ஒரு பாகத்தை, அது எத்தனை வருடம் உழைத்ததாக இருந்தாலும், கழற்றி ஒதுக்கு என்றுதான் ஆயுள் முழுக்க மற்றவர்களுக்குச் சொன்னேன். என்னை அப்படி ஒதுக்கிய அந்தப் பெண் செய்ததுதான் சரியான பரிசோதனை.