மேஸ்திரியின் கம்பி

லாரிக்கு அடியில் விரித்த அட்டையை இழுத்தெடுத்து, சொட்டியிருந்த எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து பார்க்கிறார் மேஸ்திரி. "கிரவுன் ஆயிலுதான், பின் ஆக்ஸிலுக்கு ஊத்துறது. இந்த நாத்தம் வேற எதுக்கு வரும்?" எந்த எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்பதை மூக்கே சொல்லிவிடும். வீட்டில் பால் தீய்ந்தால் மட்டும் அந்த மூக்குக்குத் தெரியாது என்பது அவர் மனைவியின் புகார்.

பழைய லாரிகளைப் புதுப்பிப்பது அவர் தொழில். பட்டறைச் சுவரில் ஒரு கம்பி கட்டியிருக்கிறார். வேறு யாராவது சொதப்பிய சாமான் கைக்குக் கிடைத்தால் அதில் கோத்துத் தொங்கவிட்டு, கீழே சாக்பீஸால் அந்த ஆளின் பேரையும் எழுதிவிடுவார். "நாலு பேரு பாக்கட்டும் சார். அப்பதான் புத்தி வரும்." வண்டியை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் நாங்கள் அதைப் படித்துச் சிரிப்போம்.

ஐம்பது வயதான என் லாரியின் பின் ஆக்ஸிலில், சுழலும் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் கசிவு. ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையத்தை மூன்று முறை மாற்றினார். நிற்கும்போது அட்டை சுத்தம். ஊரைச் சுற்றிவந்து நிறுத்தினால் சொட்டும். சீல் விற்றது தெருமுனையில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மேஸ்திரியின் மச்சான், அவர் மனைவியின் தம்பி. மூன்று சீல்களும் கம்பியில் ஏறின. கீழே, "மச்சான் கடை மட்டச் சரக்கு."

மச்சான் வந்து பார்த்தார். "ஒரிஜினல்தான் மாமா குடுத்தேன். உங்களுக்குப் போய் மட்டமா குடுப்பேனா?"

"நீ பேசாத. அட்டை பேசுது பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்; இப்போது நினைத்தால் கூசுகிறது. அதற்குப் பிறகு இரண்டு மாதமாக மச்சான் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்காவும் கணவருக்குச் சாப்பாடு வைப்பதோடு சரி, பேச்சில்லை.

நேற்று நான்காவது சீல் போட அடியில் படுத்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஆக்ஸிலின் மேல்புறம் பிரீதர் என்று சின்ன மூடி ஒன்று உண்டு. ஓட்டத்தில் உள்ளே சூடாகும் காற்று அதன் துளை வழியாக வெளியேற வேண்டும். துளை அடைத்தால் காற்று சீலைத்தான் நெட்டித் தள்ளும், எண்ணெயும் கூடவே வரும். அந்தத் துளையைக் கறுப்புப் பெயின்ட் அடைத்திருந்தது. பளபளவென்று இருக்க வேண்டும் என்று ஆக்ஸிலுக்கு இரண்டு கோட்டிங் அடித்தவர் சாட்சாத் அவரேதான்.

வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. "ஓடினாத்தான் சொட்டுதுன்னா காத்துதான்னு தோண வேணாமா சார்? நாலு பேரு முன்னால அவன..." கைத்துணியை முறுக்கிக்கொண்டே நின்றார்.

இன்று காலை அவரே கடைக்குப் போய் மச்சானை அழைத்துவந்தார். சிரித்த நாங்கள் அத்தனை பேரும் இருக்கும் நேரமாகப் பார்த்து அழைத்துவந்திருக்கிறார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு வாசலோடு நின்றார். மேஸ்திரி மூன்று சீல்களையும் கழற்றித் துடைத்து மேசையில் வைத்தார். சுவரிலிருந்த எழுத்தை உள்ளங்கையால் அழித்தார். அடைபட்ட பிரீதரைக் கம்பியில் கோத்தார். பிறகு சாக்பீஸை எடுத்து, தலை நிமிராமல் மச்சானிடம் நீட்டினார்.

"நீயே எழுது மச்சான். என் பேரப் பெருசா எழுது."

மச்சான் கட்டிய கையைப் பிரிக்கும்வரை, நீட்டிய கை இறங்கவில்லை.